தோள் வெங்காயம்

அந்த வறட்சி ஆண்டில் வங்கி மேலாளரின் இடது தோளில் வெங்காயம் முளைத்தது. அவர் அன்றும் வேலைக்குப் போனார். மாலைக்குள் நீச்சல்குளத் தெருவில் பல் டாக்டருக்கும், அழகுநிலையக்காரிக்கும், அவளிடம் தலை அலசிக்கொண்ட அத்தனை பெண்களுக்கும் பச்சைத் தாள் விட்டிருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. சட்டை போடுவதுதான் கொஞ்சம் பாடு.

விஷயம் தொடங்கியது நகரத்துக்கு வெளியே ஒரு கிணற்றடியில். பல நிலங்களுக்கு அது ஒன்றே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. மோட்டார் அறைச் சாவி அன்றைய முறைக்காரர் கையில் இருக்கும். விதிகள் இரண்டு, கல்லில் வெட்டாத குறைதான். சாவியைப் பிறருக்குக் கொடுப்பவர் எத்தனை நாளைக்கு என்று மற்றப் பங்காளிகள் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அறுவடைவரை முறை போனது போனதுதான். விளைச்சல் காட்டாதவரின் பங்கு, பக்கத்து நிலத்துக்காரருக்குப் போய்விடும்.

அக்கா வெங்காயம் நட்டிருந்தாள். பக்கத்து நிலம் தம்பியுடையது. அதை முறையோடு குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் நீச்சல்குளத் தெருவின் கோடியில் குடியிருந்தான். நகரத்தில் குழாய் வாரத்துக்கு ஒரு நாள்தான். செடிக்கு ஊற்றினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

"பிள்ளைங்க தலைக்குக் குளிச்சு மாசமாச்சுக்கா. ரெண்டு டிரம் தண்ணி போதும்" என்று வந்து நின்றான்.

"எத்தனை நாளைக்குன்னு சொல்லிட்டுக் கொடும்மா" என்றார் மூத்த பங்காளி.

"கூடப் பொறந்தவன்கிட்ட நாள் கணக்கா? போங்கண்ணே!" அக்கா சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள்.

டிரம் வரவில்லை, லாரி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அவள் முறை வந்த நாளெல்லாம் வந்து, தண்ணீரை நீச்சல்குளத் தெரு வீடுகளுக்கு விலைக்கு ஏற்றிப் போயின. சாவியைத் திருப்பிக் கேட்டதற்குத் தம்பி ரொம்பப் பணிவாக, "கொடுத்ததைக் கேக்கக் கூடாதேக்கா, விதின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான். வயல் வெடித்தது. வெங்காயம் மண்ணுக்குள்ளேயே கருகியது. அவள் பங்குக்குக் குறி வைத்துத்தான் தம்பி சாவி வாங்கினான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனால் அது வெங்காயத்துக்கென்று இருந்த தண்ணீர். போன இடத்தில் தன் வேலையைப் பார்த்தது. குளியலறைத் தரையில், ஷவர் துளைகளில், கழுவிய கார்களின் கூரையில், குளித்த தோள்களில் முளைத்து விளைந்தது.

அறுவடை நேரத்தில் அக்கா கோணிப்பைகளோடு பேருந்து ஏறி வந்து வீடு வீடாக மணி அடித்தாள். "எங்க வெங்காயம் உங்க வீட்ல இருக்கு, எடுத்துக்கலாமா?" வங்கி மேலாளர் பனியனோடு குனிந்து உட்கார்ந்தார். "சீக்கிரம்மா, மீட்டிங் இருக்கு." பல் டாக்டர், "அசைச்சு அசைச்சு இழுங்க, வேர் தங்கிடக் கூடாது" என்றார்.

கடைசியாகத் தம்பி வீடு. பிள்ளைகளை மடியில் இருத்தித் தலையைக் கோதினாள், தோளைப் பார்த்தாள், காது மடலுக்குப் பின்னாலும் பார்த்தாள். சிக்கு இருந்தது, அழுக்கு இருந்தது. ஒரு தாள்கூட முளைக்கவில்லை. லாரி லாரியாகப் போன தண்ணீரில் ஒரு சொம்புகூட இந்தத் தலைகளுக்கு வரவில்லை. வயல் கருகியபோது அழாதவள் அங்கே அழுதாள்.

"சாப்பிட்டுப் போக்கா" என்றான் தம்பி.

"முதல்ல இதுங்களைக் குளிப்பாட்டுடா."

பங்காளிகள் முன்னால் கோணிகளைக் கொட்டினாள். "இது நிலத்துல விளையலையே" என்றான் தம்பி. மூத்த பங்காளி ஒன்றை உரித்துக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. "விளைச்சல் காட்டணும்னுதான் விதி. எங்க விளையணும்னு யாரும் சொல்லலையேப்பா." சாவி அவள் கைக்கு வந்தது.

பிறகு மழை நன்றாகவே பெய்தது. ஆனாலும் தெருவில் ஆண்டுதோறும் வெங்காயம் முளைக்கிறது; அந்தப் பருவத்துக்கென்றே தையற்காரர் தோளில் திறப்பு வைத்த சட்டை தைக்கிறார். அக்கா வருகிறாள், ஒவ்வொரு வீட்டு மணியையும் அடிக்கிறாள். கோடி வீட்டை மட்டும் தொடுவதில்லை. அங்கே அவளுடையது என்று ஒன்றும் முளைப்பதில்லை.