இலையில் ஒட்டிய செம்மண்

ரூசா ஈரத்துணியால் புகையிலைகளைத் துடைத்து அடுக்கினாள். மண்ணோடு காய்ந்தால் புகை தொண்டையை அறுக்கும்.

"விடியறதுக்குள்ள அத்தனையும் பறிச்சு வாசல்ல குவிச்சிட்டீங்களே அண்ணி!" என்றாள் கணவனின் அக்காவிடம்.

"நானா? நீதான் பறிச்சேன்னு நெனச்சேன்" என்றாள் வெலிகா.

துணி சிவந்தது. அவர்கள் வயலில் வெள்ளை மணல்தான். செம்மண் இருப்பது கல்லறை மேட்டில். ரூசா இலையைத் திருப்பினாள். அடியில் விரல் தடங்கள்: மூன்று முழுசு, ஒன்று பாதி. புகையிலைக் கத்தியில் பாதி விரலை இழந்தவன் அவள் கணவன் த்ராய்கோ. நேற்றுத்தான் கோதுமை வேகவைத்துப் படைத்து, நாற்பதாம் நாள் சடங்கு முடித்து அவன் ஆவியை அனுப்பிவைத்திருந்தார்கள்.

வெலிகா துணியை வாங்கி உதறிக் கொடுத்தாள்.

"நல்லாத் துடைடி. தான் நட்ட புகையிலையப் புகைச்சுப் பாக்காம எந்தம்பி போகமாட்டான். இது காய இன்னும் மூணு வாரம் ஆகும்."