கூலி வாங்காத வேலை

ஆஸ்பத்திரியின் மாதக் கேஸ் கூட்டத்துக்கு டொக்டர்மாரில் பாதிப் பேர் படிக்க வருவார்கள். மீதிப் பேர் மருந்துக் கம்பனி கொடுக்கிற புரியாணிக்கு வருவார்கள். அன்று கேஸ் சொல்ல நின்ற டொக்டர் ஸுஹைறா புரியாணிப் பக்கமே திரும்பவில்லை. அவளுடைய வாட்டில் ஓர் ஆள் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தார்.

நஸீம், நிந்தவூர்த் தையற்காரர், சீனி வருத்தக்காரர், நீரிழிவு. மூன்று கிழமையாக விடாத காய்ச்சல். நெஞ்சுப் படத்தில் நிழல். ஸ்கேனில் ஈரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். ஏற்றிய ஊசி ஒன்றுக்கும் காய்ச்சல் கேட்கவில்லை. சளியில் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. என்றாலும் நாளைக்குக் காச மருந்தே தொடங்குவது என்று பெரிய டொக்டர் முடிவெடுத்திருந்தார்.

"ரத்தத்தில கிருமி வளருதா எண்டு வெச்சுப் பாத்ததில ஒரு போத்தல்ல மட்டும் ஏதோ முளைச்சிரிக்கி. வெளிய இரிந்து விழுந்த அழுக்கா இரிக்கலாம்," என்று முடித்தாள் ஸுஹைறா.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஆய்வுகூட டொக்டர் அன்ரனிற்றா. ஸுஹைறாவோடு ஒன்றாகப் படித்தவள்.

"அழுக்கெண்டு நான் இன்னும் சொல்லல்ல. கிருமி வளர்ந்த தட்டை எறியவுமில்ல. சேத்துல கிடக்கிற ஒரு கிருமி மாதிரித் தெரியுது. மெலியோய்டோசிஸ். காசத்தைப் போலவே வேஷம் போடும், காச மருந்துக்கு அசையாது. மாரி காலம், கால்ல ஒரு சின்னப் புண்ணோ வெடிப்போ, ஒடம்பில சீனி, இவ்வளவும் காணும் அதுக்கு."

"அவரு டைலர். வயலுக்குப் போறதில்ல. நான் கேட்டன்."

"என்ன வேலையெண்டு கேட்டிருப்பாய். கூலி வாங்காம என்ன செய்யிறார் எண்டு கேட்டியா?"

"வீட்டுல தேங்கா திருவுறாரா எண்டும் கேக்கணுமோ?" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸுஹைறா சிரிக்கவில்லை. அவள் வாப்பா நிந்தவூர் ஆலையில் நெல் மூட்டை சுமந்தவர். வேலை என்றால் பொழுதுபட்டதும் காசு வருவது. அந்த வீட்டில் வளர்ந்தவள் அந்த வேலையைத்தான் கேட்டிருந்தாள்.

வாட்டில் நஸீமின் மனைவி கைருன்னிஸா ஈரத் துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நஸீம் காக்கா, சேத்துல, ஈர மண்ணுல எங்கயும் இறங்குறீங்களா?"

"நான் டைலர்தானே டொக்டர். மெசினுக்கு முன்னால குந்தினா பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குத்தான் எழும்புவன்."

கைருன்னிஸாவின் கை நின்றது. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸுஹைறா அவர் கையைத் திருப்பினாள். ஊசி ஏற்றுவதற்காக இத்தனை நாளும் எல்லாரும் புறங்கையைத்தான் பார்த்திருந்தார்கள். உள்ளங்கையில் விரலடியோரம் கல்லாய்க் காய்ப்பு. இப்படியான கைகளுக்கிடையில்தான் அவள் வளர்ந்தாள்.

"இது கத்தரிக்கோல் புடிச்ச காய்ப்பில்ல காக்கா. மண்ணு வெட்டுற மம்பெட்டிப் புடி."

அவர் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கைருன்னிஸாதான் வெடித்தாள்.

"உண்மையச் செல்லுங்களன்! உசிரு போய் மௌத்தான பொறகா செல்லப் போறீங்க?"

"செஞ்சதச் செல்லிக் காட்டினா அல்லாஹ்க்கிட்ட கிடைக்கிற நன்மை போயிரும்."

"போனாப் போகட்டும்! டொக்டர், இவரு மையவாடில அடக்குறதுக்குக் குழி, கபுறு வெட்டுறவரு. ஊர்ல ஆரும் மௌத்து, ஜனாசா எண்டு கேள்விப்பட்டா தச்ச சட்டைய அப்பிடியே போட்டுட்டு ஓடுவாரு. மாரியில குழிக்குள்ள இடுப்பளவு தண்ணி. வாளியால அள்ளி அள்ளி வெட்டுறாரு, வெறுங்கால்ல. குதிகாலெல்லாம் வெடிப்பு." அவள் மூச்சு வாங்கினாள். "ஒங்கட வாப்பாட கபுறும் இவருதான் வெட்டின."

நஸீம் களவில் பிடிபட்டவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

போன மாரியில், கொட்டுகிற மழையில், வாப்பாவின் ஜனாசாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார்கள். அந்தத் தண்ணீருக்குள் இறங்கியவர் யாரென்று அவள் கேட்டதேயில்லை.

அழுகை வந்தது. அதற்கு நேரமில்லை. போனை எடுத்தாள்.

"அன்ரனிற்றா, சேறு இரிக்கி. இடுப்பளவு."

"அப்ப அந்தக் கிருமிக்கான ஊசியை இப்பவே தொடங்கு. பெரிய டொக்டரோட நான் கதைக்கிறன்."

அன்று பின்னேரமே ஊசி ஏறியது. இரண்டு நாள் கழித்து அன்ரனிற்றா ஆய்வுகூடத்தில் கிருமி வளர்ந்த தட்டைப் பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டினாள். சுருங்கிய தோல்போலச் சின்னச் சின்ன வட்டங்கள். ஊர் உண்டாகும் முன்பே, முதல் நெல் விதைக்கும் முன்பே இந்த மண்ணில் இந்தக் கிருமி கிடந்திருக்கும். குதிகால் வெடிப்பொன்று கிடைத்தால் போதும். உள்ளே போய் வருஷக்கணக்கில் தூங்கவும் செய்யுமாம். எந்தக் கபுறிலிருந்து ஏறியது என்று எவராலும் சொல்ல ஏலாது. வாப்பாவுடையதாகவும் இருக்கலாம்.

காய்ச்சல் உடனே இறங்கவில்லை. ஒரு கிழமை அவளைத் தின்றது. அதன் பிறகு ஒரு காலையில் நஸீம் வேர்வையில் நனைந்து எழும்பி, இடியப்பம் கேட்டார்.

"மாசக்கணக்கில மருந்துக் குளிசை போடணும். இனிக் குழிக்குள்ள இறங்குறெண்டா பூட்ஸ் போட்டுத்தான்," என்றாள் ஸுஹைறா.

"பூட்ஸ் போட்டா நன்மை குறையாதே டொக்டர்?"

"குறையாது காக்கா."

"அப்ப இத ஒருத்தருக்கும் செல்லிராதீங்க."

"கேஸச் செல்லத்தான் வேணும். பேரச் செல்லமாட்டன்."

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். "நோயாளி டைலர். கூலி வாங்காம மையவாடியில கபுறு வெட்டுறவரு."

தேங்காய்க் கதை சொன்ன டொக்டர் புரியாணிப் பார்சலைப் பிரித்த கையோடு நின்றான். அங்கிருந்தவர்களில் பலரின் வாப்பாவோ உம்மாவோ மையவாடி மண்ணுக்குள் கிடந்தார்கள். அந்தக் கபுறை யார் வெட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது.