மூன்றாவதில் சிக்கும் பெட்டி

1.

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. பேருந்து நிறுத்தத்தில் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் கைபேசியில் யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சரியா போகுது. ரெண்டு சரியா போகுது. மூணாவதுல மட்டும் ஏன் சிக்குது? அதுக்கு மட்டும் பதில் கேட்டுச் சொல்லு, போதும்."

பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். மூன்றாவது பிள்ளையா, மூன்றாவது மாடியா, மூன்றாவது கல்யாணமா என்று அன்று முழுக்க என் மண்டையைக் குடைந்தது. அவள் தோள்பையில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தின் சின்னம் இருந்தது ஞாபகம் வந்தது. தேடிக்கொண்டு போய்விட்டேன். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை; பொம்மைத் துப்பாக்கிகூட வீட்டில் என் தம்பிக்குத்தான் வாங்கித் தந்தார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இதை விடுவதாக இல்லை.

2.

முதல் தொடக்கம்: "கம்பி வலை போட்ட சன்னலுக்குப் பின்னால் அவள் அமர்ந்திருந்தாள். காலம் அவளைக் கடந்து—"

[வேண்டாம். காலம் யாரையும் கடக்கவில்லை. அவள் நல்ல பசியில் உட்கார்ந்திருந்தாள்.]

இரண்டாம் தொடக்கம்: "ஆயுதம் என்பது மனிதனின்—"

[இது இன்னும் மோசம்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். இவள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தவள் இல்லை; அந்தக் கழகத்தின் ஆயுத அறைக்குப் பொறுப்பானவள். துப்பாக்கிகளைப் பூட்டி வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை. எப்போதும் கையில் அரத்தோடு இருப்பதால் கழகத்தில் அவளுக்குப் பெயரே 'அரம்'. நாக்கும் அதே ரகம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று.

அங்கே சுடுகிறவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை, ஒரே வீட்டில் இருப்பவள். அவளுக்குப் பட்டப்பெயர் 'சிலை'. ரைபிளைப் பிடித்துவிட்டால் இமைகூட அசையாது. வீட்டில் அவளை ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காரவைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

கழகத்தின் ரைபிள்கள் பழையவை. அடியில் மேகசின் என்று ஒரு தகரப் பெட்டி செருகியிருக்கும். பெட்டிக்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் ஐந்து தோட்டா. ஒன்றைச் சுட்டதும் ஸ்பிரிங் தட்டை உயர்த்தும், அடுத்த தோட்டா மேலே வரும், போல்ட் என்ற பிடி வைத்த இரும்புத் தண்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அது குழலுக்குள் போகும்.*

[* இதை அரம் எனக்கு ஒரே தடவைதான் விளக்கினாள். "புரிஞ்சுதா?" என்றாள். புரிந்தது என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தீப்பெட்டியில் செய்து பார்த்தேன்.]

போன மாதத் தேர்வுப் போட்டியில் சிலையின் மூன்றாவது தோட்டா மூக்கைக் கவிழ்த்துச் சிக்கிக்கொண்டது. அந்தக் கழகத்தின் விதி இது: கருவியின் தவறென்றால் மறுபடி சுடலாம், சுடுபவரின் கைத் தவறென்றால் போனது போனதுதான். எது என்று சொல்ல வேண்டியவள் அரம். மேகசினை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. சொந்தக்காரிக்குச் சாதகமாகச் சொன்னாள் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. "கைத் தவறு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து சிலை அண்ணியோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசித் தேர்வு. அதிலும் சிக்கினால் அணியில் இடம் கிடையாது. இந்த இடத்துக்காகவே வெளியூரில் வந்த நல்ல வேலையை வேண்டாமென்றவள் அவள்.

வீட்டில் சாப்பாட்டு மேசை இப்படி நடந்தது:

"அண்ணா, உன் பொண்டாட்டிகிட்ட உப்பு எங்கன்னு கேளு."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அவ மூக்குக்கு முன்னாடிதான் இருக்குன்னு."

"முன்னாடிதான் இருக்காம்மா" என்று அண்ணன் இரண்டு பக்கமும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

3.

சனிக்கிழமை மதியம் அரம் அந்த மேகசினை மேசைமேல் வைத்து

[இங்கே நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் மூன்றாம் பகுதியில்தான் நிற்கிறது. ஒரு பிரதியில் அவளை அழவைத்தேன்; அழுதாளே தவிர மேகசின் சரியாகவில்லை. இன்னொன்றில் அவளுக்குப் பழைய ஞாபகங்கள் வந்தன, நான் அவற்றைத் துரத்தினேன். மூன்றாவதில் ரைபிளையே மாற்றிக் கொடுத்துவிட்டாள். கதை முடிந்துவிட்டது, எனக்கே கேவலமாக இருந்தது.]

3. (மறுபடியும்)

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் பிரதியில் கணவன் இல்லை. இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளாத வீட்டில் உப்பு எங்கே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது, அதற்காக அவனைக் கொண்டுவந்தேன். மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பிரிவுக்கு அவன் மேற்பார்வையாளர் என்று ஒரு வேலையும் போட்டுக் கொடுத்தேன். சாதுவானவன், யார் வம்புக்கும் போகாதவன்.

வந்ததிலிருந்து அவன்மேல் எனக்குச் சந்தேகம். வெறும் உப்புக்காக ஒருவன் கதைக்குள் உட்கார்ந்திருப்பானா? ஆனால் அவனைத் தூக்கிவிட்டால் இன்னொன்றும் போய்விடும். பேருந்து நிறுத்தத்தில் சிலை திட்டிக்கொண்டிருந்தாளே, அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவன் இவன்தான். பயிற்சியிலும் சிக்கியிருக்கிறது, அதுவும் மூன்றாவதில் மட்டும். பதிலை அண்ணியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லி அவனை விரட்டியிருக்கிறாள்.

இவன் அதை வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் ஒப்பித்தான். அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"மூணாவதுல மட்டுமா? எப்பவுமேவா?"

"அப்படித்தான் சொல்றா."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? நீங்கதான் பேசிக்கிறதே இல்லையே" என்றான் அவன். அவன் வாழ்நாளில் பேசிய துணிச்சலான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

3. (இன்னொரு தடவை, விடுவதாக இல்லை)

சனிக்கிழமை மதியம் அரம் ஆயுத அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அந்த ரைபிளை அவள் சோதிக்கவில்லை. சோதித்தால் தன் தீர்ப்பையே சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்ற வீம்பு. இப்போது ரைபிள் காலி என்று பார்த்துக்கொண்டாள். மருந்தில்லாத டம்மித் தோட்டாக்கள் ஐந்தைப் பெட்டியில் அடுக்கினாள், போல்டை இழுத்துத் தள்ளினாள். ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவது மூக்கைக் கவிழ்த்தது.

மறுபடி அடுக்கினாள். மறுபடியும் மூன்றாவது. இப்போது துப்பாக்கியைப் பிடித்திருந்தது நாத்தனாரின் கை இல்லை, அவளுடைய கை. முகம் சூடாகிவிட்டது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

[இங்கே அவள் அழக்கூடும் என்று எதிர்பார்க்கிற வாசகர்கள் முதல் பிரதிக்குப் போகலாம்.]

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு நேரமில்லை. வாய்விட்டே யோசித்தாள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கடைசித் தோட்டாக்களில் தெரியும். வாய் விளிம்பு வளைந்திருந்தால் எல்லாத் தோட்டாவும் தகராறு பண்ணும். அழுக்கென்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் சிக்கும். கை நடுங்கியிருந்தால்?

"கைக்கு எண்ணத் தெரியாது" என்றாள் காலி அறையைப் பார்த்து. எப்போதும் மூன்றாவது என்றால் அது பெட்டிக்குள் இருக்கிற ஓர் இடம்.

ஸ்பிரிங்கையும் தட்டையும் வெளியே எடுத்தாள். உள்ளே எண்ணெய் தாராளமாக இருந்தது. யாரோ பாசத்தோடு பூசியிருக்கிறார்கள். மேகசினுக்குள் எண்ணெய் இருந்தால் தூசியும் மருந்துக் கரியும் ஒட்டிக் களியாகிவிடும். துணியைக் குச்சியில் சுற்றி மூலை மூலையாகத் துடைத்தாள், கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தாள். ஸ்பிரிங்கை ஒவ்வொரு மடிப்பாக பிரஷ்ஷால் தேய்த்து உலரவைத்தாள். பூட்டிப் பார்த்தாள். மூன்றாவதில் சிக்கியது.

மறுபடி கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். பக்கச் சுவரின் நடுவில் நகம் அளவுக்கு ஒரு நசுங்கல். தட்டின் மூலை சரியாக அங்கே இடிக்கிறது, தட்டு சாய்கிறது, தோட்டா கவிழ்கிறது. கண்டுபிடித்துவிட்டாள்.

[நானும் இங்கே கதை முடிந்தது என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் என்னை உட்காரவைத்தாள்.]

நசுங்கல் பழையது. அதன் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. அப்படியானால் இத்தனை வருடம் இந்தப் பெட்டி எப்படி ஓடியது? அரம் எழுந்து அலமாரியில் இருந்த மற்ற மேகசின்களை ஒவ்வொன்றாகத் திறந்து தட்டுகளைப் பார்த்தாள். கடைசிக்கு முந்தினதில் அகப்பட்டது. ஒரு மூலை மட்டும் சாய்வாக ராவிய தட்டு. அவளுக்கு முன்னால் அந்த அறையில் இருந்த யாரோ, இந்த நசுங்கலுக்கு இடம் விட்டு, அளவாக ராவியிருக்கிறார்கள். பெட்டிகளின்மேல் ரைபிள் எண் வெட்டியிருந்தது. தட்டுகளில் எண் கிடையாது.

ஆக, தட்டுகள் மாறியிருக்கின்றன. போன மாதப் போட்டிக்கு முன்னால், அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் இருந்த வாரத்தில் ஒரே ஓர் ஆள்தான் இங்கே உதவிக்கு வந்தான், கழகச் செயலாளரின் அனுமதியோடு. மேகசின்களைச் சுத்தம் பண்ணிக் கொடுக்க.

அந்த ஆள், அவளுடைய கணவன், அப்போது சாப்பாட்டு டப்பாவோடு கதவைத் தட்டினான்.

"என்னங்க, இதெல்லாம் அன்னைக்கி எப்படிக் கழுவினீங்க?"

முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "எல்லாத்தையும் பிரிச்சு ஒரே தொட்டில ஊறப் போட்டேன். வெந்நீர், சோப்பு, தேய்ச்சு, காய வச்சு, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி அடுக்கினேன். எப்படிப் பளபளன்னு இருந்துச்சு பாத்தியா?"

"எது எந்தப் பெட்டியோடதுன்னு பாத்துப் பூட்டினீங்களா?"

"அதெதுக்கு? எங்க சமையலறையில அத்தனை டப்பா இருக்கு, எந்த மூடியும் எந்த டப்பாவுக்கும் போகும். எல்லாம் ஒரே அளவுதானே?"

அவள் இரண்டு தட்டுகளையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றில் மூலை இருந்தது, ஒன்றில் இல்லை. அவன் இரண்டையும் புரட்டிப் பார்த்தான். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயையோ, நானா?" என்றான்.

4.

சரியான தட்டு சரியான பெட்டிக்குள் போனது. டம்மித் தோட்டாக்கள் ஐந்தும் போயின. கை வலிக்கும்வரை அடுக்கித் தள்ளினாள், சிக்கவில்லை. பிறகு கணவனிடம் சொன்னாள்: "போய் உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. தப்பு பெட்டியிலதான், அவ கையில இல்ல. தட்ட மாத்தினது யாருன்னும் சொல்லுங்க."

தன்மேலேயே புகார் சுமந்து போகிற தூதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவன் வீட்டுக்குப் போய்ப் பாதியை மட்டும் சொன்னான். "பெட்டியில ஏதோ சின்னதா இருந்துச்சாம். அண்ணி சரி பண்ணிட்டா."

சிலை சிரிக்கக்கூட இல்லை. "ஒரு மாசமா கைன்னாங்க. இப்ப பெட்டிங்கிறாங்க. நாளைக்கு மறுபடி கைன்னா?"

[இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (இந்த இருவரும் செய்ய மாட்டார்கள்.)

ஆ. சிலை அணியில் தேர்வாகிறாள், வீடே பூரிக்கிறது. (படித்துப் பார்த்தேன், வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது.)

இ. மறுபடி சிக்குகிறது. (இதை எழுதியபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு அப்படிச் செய்ய எனக்கு என்ன உரிமை?)

மூன்றையும் அடித்துவிட்டேன். அரத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று மிச்சம் இருக்கிறது: சரியாகாததை அவள் கையிலிருந்து கீழே வைக்க மாட்டாள்.]

5.

ஞாயிறு காலை. ஆயுத அறையின் கம்பி வலைச் சன்னல். சிலை ரைபிளை வாங்கிக்கொள்ள வந்து நிற்கிறாள், அண்ணியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு. அண்ணன் கொஞ்சம் தள்ளி நிற்கிறான், முந்தைய நாள் விழுங்கிய பாதி தொண்டையிலேயே இருக்கிறது.

செயலாளர் வேறொரு கழகத்திலிருந்து இரவல் வாங்கிய மேகசின் ஒன்றைச் சன்னல் பலகையில் வைத்தார். அதே வகை, புத்தம் புதியது. "எதுக்கு வம்பு? இதப் போட்டுக்கோம்மா" என்றார்.

அரம் பழையதைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு செயலாளருக்கும் அங்கே நின்ற மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"போன மாசம் கைத் தவறுன்னு இங்கதான் நின்னு சொன்னேன். அது கைத் தவறு இல்ல. பெட்டி. சோதிச்சுப் பாக்காம சொன்னேன். தப்பு என்னோடது."

"உன்னோடது மட்டும் இல்ல" என்று அண்ணன் முன்னால் வந்தான். "தட்ட மாத்திப் போட்டது நான். நேத்து இவகிட்ட சொல்லல."

சிலை அண்ணனை ஒரு முறை முறைத்தாள். அது வீட்டுக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற முறைப்பு. பிறகு, ஒரு மாதத்தில் முதல் தடவையாக, நேராகத் திரும்பினாள்.

"அண்ணி, இது சிக்காதா?"

"டம்மியில சிக்கல. நேத்து பூரா பாத்தேன். நிஜத் தோட்டாவ நீ சுட்டாத்தான் தெரியும். சத்தியம் பண்ண மாட்டேன்."

"சிக்கினா?"

"சிக்கினா கருவித் தவறுன்னு நான் கை தூக்குவேன். என் வேலை போனாலும் தூக்குவேன்."

சிலை இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். புதியதை விரலால் செயலாளர் பக்கம் தள்ளினாள். பழையதை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அரம் சன்னலை விட்டு வெளியே வந்து, சுடுதளத்துக் கோட்டுக்குப் பின்னால் நின்றாள். வலது கையை இடுப்பில் வைக்கவில்லை, பையில் விடவில்லை. தூக்க வசதியாகத் தொங்கவிட்டிருந்தாள்.

முதல் வெடி. போல்ட் பின்னால் வந்தது, முன்னால் போனது.

இரண்டாவது வெடி. போல்ட் பின்னால் வந்தது.

[இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. சோம்பல் இல்லை. எனக்கு வேண்டிய முடிவு சன்னல் பலகையிலேயே கிடைத்துவிட்டது, மிச்சம் தோட்டாவின் விஷயம். நீங்களும் முதல் வரியிலிருந்து மூன்றாவது, மூன்றாவது என்று என்னோடு நின்றிருக்கிறீர்கள். இப்போது போல்டின் பிடி உங்கள் கையில் இருக்கிறது. சிலை அசையவில்லை. பின்னால் அவளுடைய அண்ணி நிற்கிறாள், கையைத் தயாராக வைத்துக்கொண்டு. அவளை நம்பி, தயங்காமல், முன்னால் தள்ளுங்கள்.]