பண்டிகைக்கு மறுநாள்

சிரம்பானுக்கு அருகே லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் விக்டோரியாவும் நானும் அடுத்தடுத்த நெரையில், அதாவது மர வரிசையில், பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டினோம். வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காலை ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. வெறும் வயிற்றோடுதான் மத்தியானம் வரை மரம் வெட்டுவோம்.

அப்படியும் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நன்றாகவே நடந்தது. எங்கள் லயத்தில் வேதக்காரக் குடும்பம் மூன்றுதான். விக்டோரியா வாசலில் காகித நட்சத்திரம் கட்டி, தட்டில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள். எங்களோடு மரம் வெட்டும் பஞ்சாலையின் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். நான் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பஞ்சாலையின் புருஷன் தங்கராஜுவைக் காட்டு ஆட்களுக்கு அரிசி கொடுத்தான் என்ற சந்தேகத்தில் போலீஸ் பிடித்துப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளோடு பேசினால் நமக்கும் வம்பு என்று பயம்.

மறுநாள் வேலையில் பஞ்சாலை மரத்தடியில் மயங்கி விழுந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். விக்டோரியாதான் ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். திரும்பி வந்தவள் கண் கலங்கியிருந்தது.

“நீலா, நெறமாச மாதாவுக்குச் சத்திரத்துல எடம் இல்லன்னு சொன்னவங்களப் பத்தி முந்தாநாள் ராத்திரி அப்படிப் பாடினேன். விடிஞ்சு நானும் அதையேதான் பண்ணியிருக்கேன்.”

அடுத்த நாளிலிருந்து கேட் திறந்ததும் நேரே பஞ்சாலையின் நெரைக்கு ஓடி, பாதி மரங்களை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் மரங்களுக்கு வந்தாள். அதற்குள் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது. அவள் வாளி அரைவாசிகூட நிறையவில்லை. எங்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி கத்தினார். நான்காம் நாள் கணக்கெழுதும் கிராணி எட்மண்ட் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவரும் வேதக்காரர்தான்.

“அவ புருஷன் உள்ள இருக்கான். தெரியும்தானே?”

“தெரியும் ஐயா. அவ வயித்துல ஒரு புள்ள இருக்கு. அதுவும் தெரியும்.”

“போலீசு உன்னையும் கூப்பிடும்லா.”

“கூப்பிட்டா வர்றேன் ஐயா. மரத்த வெட்டிக் குடுத்தேன்னு சொல்றேன்.”

கிராணி கையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மூடினார். பிறகு, “வெயிலுக்கு முன்னாடி முடிக்கப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும்தான் பஞ்சாலை வீட்டைத் தாண்டிப் போனவள் என்று அன்று ராத்திரி எனக்கு உறைத்தது. மறுநாள் கேட் திறந்ததும் என் கால்கள் தாமாக விக்டோரியா பின்னால் ஓடின.

“நீ எதுக்குடி வர்ற?” என்றாள்.

“பேசாம வெட்டு. வெயில் வருது.”

மூன்று பேருமாக இரண்டு நெரையையும் சீக்கிரம் முடித்து, பிறகு என் நெரைக்குப் போவோம். பஞ்சாலை கீழே உட்கார்ந்தபடி பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைப்பாள். முதலில் அவள் வாயே திறக்கவில்லை. தை பிறந்த பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தாள். விக்டோரியா வேதக்கோயில் பாட்டை இழுத்துப் பாடுவாள். வார்த்தை தெரியாத இடத்தில் நாங்கள் இருவரும் எதையாவது போட்டு நிரப்புவோம். பசி காதை அடைக்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் வெட்டினோம்.

பங்குனியில் பஞ்சாலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சித்திரையில் தங்கராஜுவை விட்டுவிட்டார்கள். மெலிந்து, தாடியோடு வந்தவர் விக்டோரியா வீட்டு வாசலில் நின்று அழுதார்.

அடுத்த வருஷம் விக்டோரியாவின் புருஷனுக்கு கெமாஸில் ரயில்வே வேலை கிடைத்து, அவர்கள் லாரி ஏறிப் போனார்கள். நானும் தோட்டத்தை விட்டு சிரம்பானுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது வீடு நிறையச் சாப்பாடு இருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று மாதம் போல, எப்போது விடியும் எப்போது கேட் திறக்கும் என்று ஆசையோடு காத்திருந்த காலைகள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.