தங்கப் பேனாவுக்குள் டோமினோ சத்தம்

"தங்கப் பேனா" இணையதளத்தைத் தொடங்கிவைத்து வட்டாரக் கல்வி அதிகாரி டாக்டர் எவட்னி லம்ஸ்டன் நாற்பது நிமிடம் பேசினார். தங்கப் பேனா திறக்க ஐம்பத்தைந்து நிமிடம் பிடித்தது. மிச்சம் விழுந்த கால் மணி நேரத்தில் பாதிரியார் இரண்டாம் முறை ஜெபம் செய்தார், பாடகர் குழு பாடிய பாட்டையே திரும்பப் பாடியது, மேடைத் திரையில் ஒரு வட்டம் மட்டும் சலிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கம் ஒருவழியாகத் திறந்தபோது எழுந்த கைதட்டலில் பாதி, சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது என்று நினைத்தவர்களுடையது.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்லீன் பின்னாக் கைதட்டவில்லை. டன்கன்ஸ் கேப் மலையில் உள்ள தொடக்கப்பள்ளிக்கு அவள் ஆறாம் வகுப்பு ஆசிரியை. மடியில் கிடந்த சுற்றறிக்கையை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கில இலக்கணமும் எழுத்தும் இனி வட்டாரம் முழுவதும் தங்கப் பேனா இணையதளம் வழியாகவே கற்பிக்கப்படும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஈஸ்டருக்குள் இருபது மணி நேரம் அதில் படித்திருக்க வேண்டும். படிக்காத சிறு பள்ளிகளின் ஆறாம் வகுப்பு, அடிவாரத்துப் பெரிய பள்ளியோடு "ஒருங்கிணைக்கப்படும்".

ஒருங்கிணைப்பு என்ற அழகான சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று வெர்லீனுக்குத் தெரியும். அவளுடைய பதினான்கு பிள்ளைகள் காலையில் ஐந்து மைல் இறங்கி, மாலையில் ஐந்து மைல் ஏற வேண்டும். மழை பிடித்தால் ஆறு பாலத்தை விழுங்கிவிடும். இரண்டே மாதத்தில் பதினான்கு ஆறாகிவிடும். மிஞ்சிய ஆறு பேரும் அடுத்த ஆண்டு வாழைத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவார்கள்.

டன்கன்ஸ் கேப்பில் இணையம் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. அது மாஸ் ஹூபர்ட்டின் ரம் கடை வாசல். அங்கேயும் டோமினோ மேசைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நாலடி இடத்தில்தான் கிடைக்கும். ஓரடி தள்ளி நின்றால் போன் செங்கல். நோய் பரவிப் பள்ளிகள் மூடிக் கிடந்த ஆண்டில் அந்த நாலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் வெர்லீன் பாடங்களைத் தன் குரலில் பதிவு செய்து, பிள்ளைகளின் வீட்டு போன்களுக்கு அனுப்பினாள். பின்னால் டோமினோக் கட்டைகளை மேசையில் அறையும் சத்தமும், மாஸ் ஹூபர்ட்டின் ஆடு கத்தும் சத்தமும் பாடத்தோடு சேர்ந்தே போயின. ஆட்டின் பெயர் பார்சன், பாதிரியார் என்று பொருள். ஆரம்பித்தால் நிறுத்தாது என்பதால் வைத்த பெயர்.

அந்தச் சத்தத்திலிருந்தே ஒரு முறையும் பிறந்தது. எழுத வேண்டிய விஷயத்தைப் பிள்ளை முதலில் டோமினோ மேசைக்குப் போய் வீட்டில் பேசும் பட்வா மொழியில் வாயால் சொல்ல வேண்டும். அங்கே யாரும் இலக்கணம் திருத்த மாட்டார்கள். கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் "அதனால என்ன?" என்று மட்டும் கேட்பார்கள். பிள்ளை பதில் சொல்லும். "யார் சொன்னா?" என்பார்கள். அதற்கும் பதில் சொல்லும். நாலு பேரும் வாயை மூடியதும் பிள்ளை முக்காலிக்கு வந்து, அதே வாதத்தை ஆங்கிலத்தில் எழுதும். இலக்கணம் அங்கேதான் தொடங்கும். சொல்ல ஒரு விஷயம் கையில் இருக்கிறவனுக்கு அதை நிறுத்தி வைக்க ஒரு முற்றுப்புள்ளி தேவைப்படத்தானே செய்யும்.

இப்படி நாற்பத்தொரு பாடங்கள், ஒவ்வொன்றும் அரை மணி. இலவச இணையப் பக்கம் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுவைத்தாள். தீவின் மறுகோடியிலிருந்துகூட ஆசிரியர்கள் எழுதினார்கள்: பாடம் நன்றாக இருக்கிறது, ஆடு நலமா?

ஜனவரியில் கல்வி அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அங்கீகாரம் பெறாத பாடங்களை ஈஸ்டருக்குள் இணையத்திலிருந்து நீக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் ராட்ரே அதைத் தன் அறையில் வைத்து வாசித்துக் காட்டினார். நல்ல மனிதர்தான். முதுகெலும்பை மட்டும் முக்கியமான நாட்களில் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

"எடுத்துரு வெர்லீன். மேலிடத்தோட எதுக்கு வம்பு? மணிக் கணக்குக்கு நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன்."

"சொல்லுங்க சார்."

"பதினாலு டேப்லெட் குடுத்திருக்காங்கல்ல? ஹூபர்ட் கடை வாசல்ல வரிசையா வை. ஒவ்வொண்ணுலயும் 'அடுத்து'ங்கிற பொத்தான் மேல ஒரு சின்னக் கல்லை வை. அது பாட்டுக்கு ஓடும்."

"கல்லு இலக்கணம் படிச்சு என்ன சார் பண்ணப் போவுது?"

"பக்கத்து மலைல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. போன மாசம் அவங்கதான் முதலிடம்."

"அப்ப அந்த மலைக் கல்லெல்லாம் இந்நேரம் நல்லாக் கட்டுரை எழுதும். எம்பிள்ளைங்க உக்காந்தே படிப்பாங்க சார். எல்லாத்தையும் பாத்துட்டு வந்து நான் பேசிக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். பள்ளி விட்டதும் பதினான்கு பேரையும் இரண்டு இரண்டாக நாலடி இடத்தில் உட்காரவைத்தாள். மற்றவர்கள் வரிசையில் நின்று பாக்கெட் ஜூஸ் உறிஞ்சினார்கள். தங்கப் பேனாவின் முதல் பாடம், வீட்டு வாசலில் பனிக்கட்டி குவிந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று கற்றுத் தந்தது. ஷனோயா மினாட் கையைத் தூக்கினாள். வகுப்பில் மிகக் குட்டை அவள்தான், வாயில் மிக நீளமும் அவள்தான்.

"மிஸ், பனிக்கட்டி விழுந்தா நான் எதுக்குக் கடிதம் எழுதணும்? ஜூஸ்ல போட்டுக் குடிச்சிட மாட்டேனா?"

"அதையே எழுது," என்றாள் வெர்லீன்.

மார்ச் மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒன்பது மணி நேரம் தேற்றியிருந்தார்கள். அப்போதுதான் ஏழாவது பாடம் வந்தது. "பன்னாட்டு வல்லுநர்கள் பதினெட்டு மாதம் உழைத்து உருவாக்கிய வாதக் கட்டுரை முறை" என்று திரையில் தங்க எழுத்து ஓடியது. வெண்ணெய் தடவியது போன்ற அயல்நாட்டு ஆண் குரல் ஒன்று பேசத் தொடங்கியது. சொல்ல வேண்டியதை முதலில் உங்கள் வீட்டு மொழியிலேயே வாயால் சொல்லுங்கள். கேட்பவர் "அதனால் என்ன?" என்று கேட்கட்டும்.

வெர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

குரலுக்குப் பின்னால் ஏதோ மேசையில் படாரென்று அறைந்தது. யாரோ தூரத்தில், "ஆறு-லவ்! எழுதுடா சுவத்துல!" என்று கத்தினார்கள். அதன்மேல் ஓர் ஆடு நீளமாகக் கத்தியது. வெண்ணெய்க் குரல் எதையும் சட்டை செய்யாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனது.

"மிஸ்," என்றாள் ஷனோயா மெதுவாக. "அது பார்சன்."

தொட்டியடியில் கட்டிக் கிடந்த பார்சன் தன் குரலைத் தானே கேட்டு, பதிலுக்கு ஒரு முறை கத்தியது. மேசையிலிருந்து மாஸ் ஹூபர்ட் எழுந்து வந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

"ஆறு-லவ்னு கத்துனது நான்தான். இந்த ஆளு யாரு, எங்கடைல உக்காந்து பேசுறான்?"

வெர்லீன் தன் பதினெட்டாம் பாடத்தை எடுத்து ஓடவிட்டாள். வரிக்கு வரி அதேதான். குரலை மட்டும் ஏதோ இயந்திரத்தில் போட்டு மாற்றியிருந்தார்கள். பின்னால் கேட்ட சத்தத்தைத் துடைக்க வல்லுநர்களுக்குப் பதினெட்டு மாதம் போதவில்லை போலிருக்கிறது.

"பாத்துட்டேன். இப்பப் பேசலாம்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குரல் தெரியும். வீட்டுப்பாடம் தப்பாது என்று பொருள்.

அவள் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நாலாவதாக டாக்டர் லம்ஸ்டனே வந்தார், ஈஸ்டருக்கு முந்தின வாரம், ஒருங்கிணைப்பை நேரில் அறிவிப்பதற்காக. கூடவே புகைப்படக்காரர். "பள்ளியில இணையம் கிடைக்காது மேடம், தங்கப் பேனாவைப் பாக்கணும்னா கடைக்குத்தான் வரணும்" என்று வெர்லீன் சொன்னதும், குதிகால் செருப்போடு செம்மண் சரிவில் இறங்கி, ரம் கடை வாசலில் வந்து நின்றார். ராட்ரே பின்னாலேயே குடை பிடித்து வந்தார்.

"ஒன்பது மணி நேரம்," என்றார் டாக்டர் லம்ஸ்டன் கோப்பைப் புரட்டியபடி. "வருத்தமாத்தான் இருக்கு மிஸ் பின்னாக். ஆனா கணக்கு கணக்குதான்."

"சரிங்க மேடம். அறிவிக்கறதுக்கு முன்னால ஏழாவது பாடத்தை ஒருதரம் கேட்டுடுங்க. நீங்க ஏற்கெனவே கேட்டிருப்பீங்க."

"மேலோட்டமா," என்றார் டாக்டர்.

வெர்லீன் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். அறை விழுந்தது, ஆறு-லவ் கேட்டது, ஆடு கத்தியது. மறுபடியும் அறை, ஆறு-லவ், ஆடு. மூன்றாவது முறை பார்சனே நேரில் கத்தியது. புகைப்படக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

டாக்டர் லம்ஸ்டன் இருபது ஆண்டு கூட்டங்களில் பழகியவர். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "தீவு முழுக்க ஆடு இருக்கு. டோமினோ மேசை அதைவிட அதிகமா இருக்கு. நீங்க அவங்க பாடத்தை எடுத்தீங்களோ, அவங்க உங்களுதை எடுத்தாங்களோ, எது முந்தினதுன்னு யார் சொல்றது?"

"சுவரு சொல்லும்," என்றார் மாஸ் ஹூபர்ட்.

எல்லோரும் திரும்பினார்கள். கடைச் சுவரில் நீலப் பெயிண்டில் ஏழெட்டு வரிகள் இருந்தன. தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்று, ஒன்றுகூட ஜெயிக்காமல் ஆறு-லவ் வாங்கியவனின் பெயர், நாள், மணியோடு அந்தச் சுவரில் ஏறும். பேரனுக்குப் பேரன் காலம்வரை அழிக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். நாட்டுச் சட்டத்தைவிட அது ஒழுங்காக நடந்தது.

"என் வாழ்நாள்ல நான் ஆறு-லவ் குடுத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். இதோ, பள்ளிக்கூடம் மூடியிருந்த வருசம். ஏப்ரல் இருபது, செவ்வாக்கிழமை, மூணரை மணி. உங்க பேனாவுக்கு அப்ப மூடிகூடப் பொறந்திருக்காது."

"பேர் எங்கே?" என்றார் டாக்டர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பியர் விளம்பரப் படம் ஒட்டியிருந்தது.

"அதைத் தோத்தவரு ஒட்டினாரு. மரியாதைக்காரரு, விட்டுட்டேன்."

"ஆக, சாட்சி இல்ல."

வெர்லீன் யாரையும் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தாள். பதினான்கு பேரும் வரிசையாக நின்று ராட்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. ராட்ரே குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"சார்," என்றாள் வெர்லீன், "பதினாலு பேரு, அஞ்சு மைலு."

அவ்வளவுதான் சொன்னாள். ராட்ரே குடையைக் கீழே வைத்துவிட்டு, சுவரிடம் போய், விளம்பரத்தின் ஒரு மூலையை நகத்தால் பிடித்து நீளமாகக் கிழித்தார். அடியில் அவர் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல்.

"ஆறு ஆட்டமும் தோத்தது நான்தான் மேடம். அந்தப் பக்கம் மிஸ் பின்னாக் பாடம் பதிஞ்சிட்டிருந்தாங்க. கண்ணால பாத்தேன்."

"ஏப்ரல் இருபது மூணரை மணி," என்று டாக்டர் யோசித்தார். நெற்றியில் முதல்முறையாக ஒரு கோடு விழுந்தது. "அன்னைக்குத் தலைமை ஆசிரியர்களுக்கு நான் ஆன்லைன்ல கூட்டம் நடத்தினேனே. மூணு மணி நேரம். நீங்க இருந்தீங்க. பேர் இருந்துச்சு."

"பேர் இருந்துச்சு மேடம்," என்றார் ராட்ரே.

மாஸ் ஹூபர்ட் ஒரு கட்டையை மேசையில் அறைந்தார். யாரும் ஆடிக்கொண்டிருக்கவில்லை, சும்மா அறைந்தார்.

டாக்டர் லம்ஸ்டன் முக்காலியில் உட்கார்ந்தார். அதிகாரம் குறைந்ததால் இல்லை, செருப்பு கடித்ததால் என்று காட்டுவதற்காகக் குதிகாலைத் தடவிக்கொண்டார். "மிஸ் பின்னாக், தங்கப் பேனாவைச் செஞ்சு குடுத்த நிறுவனம் எங்களையும் ஏமாத்திருக்கு. ஒரு பாராட்டுச் சான்றிதழ் ஏற்பாடு பண்ணலாம். மேடையில வச்சு."

"சான்றிதழ் வேண்டாம் மேடம். என் முறை தங்கப் பேனாவுல இருக்குன்னா, அது அங்கீகாரம் வாங்கின முறைதானே?"

"அது... ஒரு வகையில."

"அப்ப அந்த முறையில என் பாடத்தைக் கேட்ட நேரமும் தங்கப் பேனா நேரம்தான். ஷனோயா, கணக்கு."

"முப்பது பாடம் கேட்டிருக்கோம், பதினஞ்சு மணி. இதுல ஒம்பது. இருபத்துநாலு மேடம்," என்றாள் ஷனோயா. பிறகு, பழக்க தோஷத்தில் கேட்டாள்: "அதனால என்னன்னு கேளுங்க."

டாக்டர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெர்லீன் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த தாளை டோமினோ மேசையில் விரித்தாள். ஆறாம் வகுப்பு டன்கன்ஸ் கேப்பிலேயே நடக்கும். நாற்பத்தொரு பாடங்களும் அவள் பெயரில், அவள் பக்கத்திலேயே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கும். தங்கப் பேனாவில் வந்தால் அவள் குரலில்தான் வரும், ஆட்டோடு. மூன்றே வரி. டாக்டர் லம்ஸ்டன் பிழை ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். அடுத்த வாரம் பத்திரிகையில் அந்தப் படம் "மலைக்கிராம ஆசிரியையைக் கண்டெடுத்த டாக்டர் லம்ஸ்டன்" என்ற தலைப்போடு வந்தது.

கார் கண்மறைந்ததும் மாஸ் ஹூபர்ட் நீலப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.

"லம்ஸ்டன் பேரை எப்படி எழுதுறது மிஸ்? ஆறு-லவ்னு போட்டுறலாமா?"

"டப்பாவை மூடுங்க மாஸ் ஹூபர்ட். ஒரு ஆட்டம்தான் முடிஞ்சிருக்கு." அவள் முக்காலியை நாலடி இடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டாள். "கையெழுத்து போட்டதை அவங்க செய்யணும், பாலம் வரணும், பள்ளிக்கூடத்துக்கு இணையம் வரணும், இப்படி இன்னும் அஞ்சு ஆட்டம் இருக்கு."

ராட்ரே அவராகவே மேசையில் உட்கார்ந்து கட்டைகளைக் கலைத்தார். பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். வெர்லீன் போனை உயர்த்திப் பிடித்து, தொண்டையைச் செருமி, நாற்பத்திரண்டாம் பாடத்தைத் தொடங்கினாள்: அரசு அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதுவது எப்படி.