தொடர்பு அறுந்த பதினொரு பேர்

…சொல்லிப்போட்டன், இனி என்ன, வாயாலை விழுந்ததைத் திரும்பப் பொறுக்கி விழுங்க ஏலுமே, சொன்னது சொன்னதுதான்… தேத்தண்ணியைக் கீழை வை சந்திரவதனா, கோட்டிலை ஊத்துப்படப் போகுது, காலமை ரெய்னர்ஸ் லேன் வீட்டிலை என்ரை இவர் ரெண்டு தரம் அயன் பண்ணித் தந்த கோட், தந்திட்டு, "அடக்கமாய் இரும், கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும், இந்த முறை கிடைக்கும்" எண்டவர். அடக்கமாம். லண்டனுக்கு வந்து ஆறு வருசம் அடங்கினது காணாதே? ஒரு றெஜிஸ்ட்றார் வேலைக்கு நாலு டொக்டர்மார் இந்தக் கதவுக்கு வெளியிலை வரிசையாய் இருக்கிறம், நாலு பேரையும் உள்ளை கூப்பிட்டுக் கேட்டு முடிஞ்சுது, இப்ப ஐஞ்சு பெரியாக்கள் உள்ளை இருந்து கதைக்கினம். பக்கத்திலை மகாலிங்கம், பினாங்குக்காரர், இது அவருக்கு ஏழாவது இன்டர்வியூவாம். "கதவு தொறக்கும் டாக்டர், ஒரு பேரத்தான் கூப்பிடுவாங்க, கூப்பிட்ட ஆளுக்கு வேலை, மத்தவங்க கோட்டை எடுத்துக்கிட்டு கிளம்பணும், நான் ஆறு தடவை கிளம்பிட்டேன்" எண்டு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. இதென்ன கோதாரி வழக்கம், வெண்டவன் எழும்பிப் போறதைத் தோத்தவை குந்தியிருந்து பாக்கோணுமாம், ஒரு கடிதம் போட்டால் முத்திரைக்குப் பஞ்சம் வந்திடுமோ இவையளுக்கு?

இது கிடைக்காட்டி திரும்ப ஆறு மாச வேலை, வேறை ஊர், வேறை ஆஸ்பத்திரி, றெஜிஸ்ட்றார் ஆகாமல் கொன்சல்டன்ட், வார்ட்டுக்குப் பெரிய டொக்டர், ஆகிற கதை முடிஞ்சுது. மார்க்ஸிலை குறைவே எனக்கு? யாழ்ப்பாணத்திலை மெடிசினுக்குத் தங்கப்பதக்கம், இஞ்சை எம்.ஆர்.சி.பி. சோதினை முதல் தரத்திலையே பாஸ், நோயாளியைத் தொட்டுப் பாத்து நோய் சொல்றதிலை இவவுக்கு நிகர் என்ரை வார்ட்டிலை இல்லை எண்டு டொக்டர் விட்மோரே நற்சான்று எழுதியிருக்கிறார், என்ரை கொன்சல்டன்ட், பொய் எழுதமாட்டார்… எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். அதை உள்ளை ஐஞ்சு பேருக்கு நடுவிலை இருந்தவர் உரத்து வாசிச்சுப்போட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார். கிளினிக்கலிலை உங்களைக் குறை சொல்ல ஒண்டும் இல்லை டொக்டர், ஆனால் விண்ணப்பத்திலை றிசேர்ச் எண்ட இடம் வெறுமையாய்க் கிடக்கே? வெறுமையாம்! அந்த வெறுமைக்குள்ளை எத்தினை மத்தியானச் சாப்பாடு கிடக்குது தெரியுமோ உங்களுக்கு? இதய வருத்தத்துக்குப் புதுசாய் வந்த குளிசை ஒண்டைக் குடிச்ச இருநூற்றிப் பன்னிரண்டு பேரின்ரை பைலை, ஆஸ்பத்திரி நிலவறையிலை தூசி தின்று தின்று ஒவ்வொண்டாய் வாசிச்சு எழுதினவள் நான். அந்த நேரம் உதிலை முன்னாலை காலுக்கு மேலை காலைப் போட்டுக்கொண்டு இருக்கிறானே ஹியூ, என்னோடை அதே வார்ட்டிலை வேலை செய்தவன், நாலு மணிக்கு லைப்ரரிக்குப் போறன் எண்டு வார்ட்டிலை இருந்து அவசரத்துக்குக் கூப்பிடுற தன்ரை பிளீப்பரை என்ரை கையிலை தந்திட்டுப் போவான். ரெண்டு பிளீப்பரும் ஒண்டாய்க் கத்தும். கட்டிலிலை ஒரு மனுசன் மூச்சுக்கு அந்தரப்படேக்கை விட்டிட்டு எழுதப் போக எனக்கு மனம் வருமே, அவனுக்கு வந்தது.

எல்லாத்தையும் எழுதி முடிச்சு விட்மோரிட்டைக் குடுத்தன். அற்புதம் எண்டார். நான் பேசாமல் வந்திட்டன். அதுதான் நான் விட்ட பிழை, என்ரை பேரையும் போடுங்கோ சேர் எண்டு ஒரு சொல்லு கேக்கேல்லை. கேட்டால் பேருக்கு அலையிறவள் எண்டு நினைப்பார், பெரிய மனுசன், தானாய்ப் போடுவார்… எங்கடை ஆக்களுக்கு இது ரத்தத்திலை ஊறின வியாதி, விருந்துக்குப் போனாலும் ரெண்டாந்தரம் வற்புறுத்தினால்தான் கோப்பையை நீட்டுவம், இஞ்சை ஆர் ரெண்டாந்தரம் கேக்கினம்? ஹியூ கேட்டான். ரெண்டு வரைபு கீறிக் குடுத்தான், கட்டுரை மருத்துவ ஜேர்னலிலை வரேக்கை விட்மோரின்ரை பேர் முதலாவதாய், அவன்ரை பேர் ரெண்டாவதாய் வந்தது. எனக்கு, கடைசி வரியிலை, உதவி செய்த ஜூனியர் டொக்டர்மாருக்கு நன்றி. ஜூனியர் டொக்டர்மார்! போன வருசம் அதை வீட்டிலை இவரிட்டைக் காட்டிக் குழறினன், "விடுமப்பா, உம்மடை திறமை அவைக்குத் தெரியும்தானே" எண்டார், தெரிஞ்சு?

அதாலைதான் இண்டைக்கு வாயைத் திறந்தன். ஹியூவின்ரை விண்ணப்பத்தோடை அந்தக் கட்டுரையும் உங்கடை மேசையிலை கிடக்கும், அதிலை உள்ள ஒவ்வொரு இலக்கமும் என்ரை கையெழுத்திலை இருந்து வந்தது, எந்த நோயாளியைப் பற்றியும் கேளுங்கோ எண்டன். கரையிலை இருந்த நரைச்ச தலை மனுசி, புள்ளிவிபரம் படிப்பிக்கிறவவாம், ஆறுதலாய்ப் பக்கத்தைப் புரட்டினா. பதினொரு பேர் கிளினிக்குக்குத் திரும்ப வரேல்லை, தொடர்பு அறுந்திட்டுது எண்டு எழுதியிருக்கே? ஒண்டும் அறுந்துபோகேல்லை எண்டன். பதினொரு பேரின்ரை குடும்ப டொக்டர்மாருக்கும் வார்ட் போனிலை இருந்து நானே எடுத்தனான், மூண்டு பேர் ஊர் மாறிப் போச்சினம், எட்டுப் பேர் செத்துப்போச்சினம், மிஸஸ் ப்ரைஸ் குளிசை துவங்கி ரெண்டாம் கிழமை கதிரையிலை இருந்தபடியே போனவ, இதெல்லாம் விட்மோரிட்டை எழுதித்தான் குடுத்தனான். மனுசி பேனையாலை ஏதோ கணக்குப் பாத்தா. நடுவிலை இருந்தவர் இருமினார். விட்மோர் அந்தாளுக்குக் கூட்டாளியோ என்னவோ, இருந்தால் இருக்கட்டும், நற்சான்றைக் கிழிச்சால் கிழிக்கட்டும், எனக்கென்ன பயம்?

கதவு திறக்குது.

ஹியூ. ஹியூவைத்தான் கூப்பிடினம். எழும்பி ரையைச் சரிபண்ணிக்கொண்டு போறான், என்னைப் பாக்காமல். "ஏழு" எண்டார் மகாலிங்கம், கோட்டைத் தோளிலை போட்டுக்கொண்டு, "வாங்க டாக்டர், அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணா போவோம்." நீங்கள் போங்கோ, நான் வாறன் எண்டன். தலையைக் குனியமாட்டன், ஒருத்தருக்கும் முன்னாலை அழமாட்டன், இன்னும் நூறு வேலைக்கு விண்ணப்பம் போடுவன், நூறு இடத்திலையும் இதையேதான் சொல்லுவன்… ஆர் பின்னாலை வாறது? அந்தப் புள்ளிவிபர மனுசி. அவசரமாய், மெல்லிய குரலிலை, "ஹியூவுக்குக் குடுக்கிறதுக்கு நான் சம்மதிக்கேல்லை, அது கிடக்கட்டும். அந்த எட்டுப் பேரையும் சேர்த்தால் குளிசை நல்லதெண்ட முடிவே நிக்காது டொக்டர். கட்டுரை வந்து ஒரு வருசமாச்சு. நீங்கள் ஏன் அந்த ஜேர்னலுக்கு எழுதேல்லை?"

ஏனோ? நான் ஆர் எழுத, என்னை ஆர் கேட்டவை, பேரே போடாத கட்டுரைக்கு நான் ஏன்… எண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது, வந்த கோவம் அப்பிடியே நிண்டுபோச்சு. ஒரு வருசமாய் அந்தக் கட்டுரையை எத்தினை தரம் எடுத்துப் பாத்திருப்பன், முதல் பக்கத்திலை இல்லாத என்ரை பேரைத்தான் பாத்தனான். எழுதுவன், இண்டைக்கே எழுதுவன், விட்மோர் என்ன செய்தாலும் செய்யட்டும், அதுக்கு நான் பின்நிக்கமாட்டன்… ஆனால் திங்கக்கிழமை, எங்கடை வார்ட்டிலை கடைசிக் கட்டிலிலை இருந்து வீட்டை போன அந்தக் கிழவனுக்கு, மிஸ்டர் ஓவனுக்கு, ஒரு மாசத்துக்கு அதே குளிசையை எழுதிக் கையெழுத்து வைச்சது ஆர், விட்மோரே, நானெல்லே?