‘தொட்டி’ என்று தேடியபோது

முருகேஷ் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கியவன், நச்சுக்காற்றை முகர்ந்த மாத்திரத்தில் சாய்ந்துபோனான். நிர்வாகம் விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரிதான்: ‘தக்க பயிற்சி பெற்ற தொழிலாளி, விதியை மீறித் தாமாகவே இறங்கினார்.’

அந்த வரியை அழிக்க ஒரு கடிதம் போதும் என்று சென்னியப்பன் நம்பினார். அப்பட்டறையின் பாதுகாப்பு ஆவணங்களைப் பேணுவது இருபது ஆண்டுகளாக அவர் பொறுப்பு. தொட்டியில் நஞ்சு தேங்குகிறது, காற்றை அளக்கும் கருவி வாங்காமல் ஆளை இறக்கலாகாது என்று மூன்றாண்டுகளுக்கு முன்பே முதலாளிக்கு எழுதிக் கொடுத்ததாக அவருக்கு நினைவு. முருகேஷின் மனைவி சித்ராதேவியிடம் இழவு வீட்டிலேயே அதைச் சொல்லியும் இருந்தார். விசாரணை நாளை, திங்கட்கிழமை. கடிதம் கிடைத்தால் இறந்தவன்மேல் ஏற்றிய பழி இறங்கும்.

கடிதமோ அகப்படவில்லை. மாதந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேமித்தவை நாற்பத்தோராயிரம் கோப்புகள். தணிக்கை அறிக்கைகள், விடுப்பு விண்ணப்பங்கள், சஷ்டி விழா அழைப்பிதழ்கள் யாவும் ‘புதியது1’, ‘புதியது2’ என்ற பெயர்களில் ஒரே வன்தட்டில் கிடந்தன. கணினியோடு வந்த தேடுபொறி கோப்பின் பெயரை மட்டுமே பார்த்தது. ஆகவே உள்ளே இருப்பதையும் படிக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி நிறுவினார். அது இரண்டு பகல் ஓடி, எந்தச் சொல் எந்தக் கோப்பில் என்று எல்லாக் கோப்புகளுக்கும் சொல்லடைவு செய்து முடித்தது. பழம்பாடல்களுக்குச் சொல்லடைவு புரட்டிப் பழகியவருக்கு அந்த வேலையின் அருமை தெரியும். கைகூப்பாத குறையாக, ‘தொட்டி’ என்று தட்டினார்.

எதுவும் இல்லை என்றது.

‘நச்சுக்காற்று’, ‘எச்சரிக்கை’ என்ற சொற்களுக்கும் அதே விடை. மூன்றாம் முறை அவ்விடையைக் கண்டபோது, ஏமாற்றத்தின் அடியில் ஓர் ஆறுதல் நெளிவதை அவர் உணர்ந்தார். அது எதற்கென்று ஆராய அஞ்சினார்.

அந்நேரம் முதலாளி மகுடேஸ்வரன் தொலைபேசியில் அழைத்தார். “ஏனுங்ணா, ஊட்டுல உக்காந்து என்னமோ கடுதாசி தேடறீங்களாமா? எனக்கு அப்படி ஒண்ணு வந்த ஞாபகமே இல்லீங்க. கெடைக்கிலீன்னா உட்டுருங்க. பழசைக் கெளறுனா போனவன் வந்துருவானுங்களா?”

“பாக்கறனுங்க” என்றார் சென்னியப்பன்.

அவர் கைபேசியை வைக்கவும் சித்ராதேவி வாயிற்படி ஏறவும் சரியாக இருந்தது. நீதிமன்றத்துக்கு எதிரே மனுக்கள் தட்டச்சு செய்து தரும் கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள்.

“வா அம்மிணி, உக்காரு.”

“உக்காரறது இருக்கட்டுங்ணா. கெடச்சுதுங்களா?”

“இல்லே அம்மிணி. பொட்டி அத்தனையும் படிச்சுப்போட்டனுங்குது. தொட்டின்னு கேட்டா அப்படி ஒரு சொல்லே இல்லேங்குது.”

“எதுல அடிச்சுக் கேட்டீங்க?”

“தமிழ்லதான். வேறெதுல?”

“அதில்லீங்ணா. கடுதாசிய எந்த எழுத்துருல அடிச்சீங்க? உங்க ஆபீஸ்ல பழைய எழுத்துருதானுங்களே?”

“அதேதான். கைக்குப் பழகுனதாச்சே.”

சித்ராதேவி சிரித்தாள். மகிழ்ச்சி கலவாத சிரிப்பு. “அது உங்க கண்ணுக்குத்தானுங்க தமிழு. பொட்டிக்கு வெறும் இங்கிலீசு எழுத்து. தமிழ் வேசங் கட்டி நிக்குது. நீங்க தொட்டி தொட்டின்னு கூப்புட்டா அதுக்கு எப்படீங்க காது கேக்கும்? தள்ளுங்க.”

அவள் விசைப்பலகையைத் தன்பக்கம் இழுத்து, பழைய எழுத்துருவில் அச்சொல்லுக்குரிய விசைகளை அப்படியே தட்டினாள். தேடுபெட்டியில் njhl;b என்று பொருளற்ற எழுத்துக்கூட்டம் தோன்றியது. கண்ணிமைப்பதற்குள் ஏழு கோப்புகள் வந்து நின்றன.

மூன்றாவது கோப்புதான் அவர் தேடியது. தலைப்பில் வழக்கம்போல் ‘முருகன் துணை’. அவர் எழுதும் எதுவும் அந்த இரு சொற்களுக்குக் கீழேதான் தொடங்கும். நாள், மூன்றாண்டுக்கு முந்தைய ஆகஸ்டு பதினெட்டு. தொட்டியின் ஆழம், தேங்கும் நஞ்சு, இறங்கியவர்களுக்கு வந்த தலைச்சுற்றல் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரி இப்படி இருந்தது: ‘ஆதலால், காற்றை அளக்கும் கருவி வாங்கித் தரும் வரை எவரையும் தொட்டிக்குள்’

அவ்வளவே. வாக்கியம் முடியவில்லை. கையொப்பத்துக்கு இடமும் விடப்படவில்லை. கடைசியாகச் சேமித்த நேரம் காலை பதினொன்று நாற்பது.

“மீதி எங்கீங்ணா?”

சென்னியப்பன் அந்த நேரத்தையே பார்த்தார். அன்று பதினொன்று நாற்பதுக்கு அலுவலகத் தொலைபேசி ஒலித்தது இப்போது அவர் செவியில் கேட்டது. மறுநாள் வெளிநாட்டுத் தணிக்கையாளர் வருகிறார், பயிற்சிச் சான்று உடனே வேண்டும் என்று மகுடேஸ்வரன் சொன்ன குரல். கடிதத்தைப் பிறகு முடிக்கலாம் என்று நிறுத்தியிருந்தார். முடித்ததாகவும், கொண்டுபோய்க் கொடுத்ததாகவும் நினைவு தானே ஒரு கதை சமைத்துக்கொண்டிருந்தது.

சித்ராதேவி நான்காவது கோப்பைத் திறந்தாள். அதே நாள், பன்னிரண்டேகால் மணி. ‘தொட்டியில் இறங்கும் தொழிலாளர்க்குப் பாதுகாப்புப் பயிற்சி இன்று காலை பத்து மணிக்கு அளிக்கப்பட்டது.’ கீழே கலந்துகொண்டோர் பன்னிருவர். ஐந்தாம் பெயர் முருகேஷ். அதன் கீழ், பயிற்சி அளித்தவர்: சென்னியப்பன்.

அவள் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை.

“ஆகஸ்டு பதினெட்டு எங்கப்பனுக்குக் கருமாதிங்க. பத்து மணிக்கு இவுரு குன்னத்தூர்ல எங்கூட நின்னுட்டு இருந்தாரு. லீவு குடுத்ததே நீங்கதானுங்களே? ‘போயிட்டு வா கண்ணு’ன்னு சொல்லி அனுப்புனீங்கன்னு சொன்னாரு.”

அவர் தலை தாழ்ந்தது.

“எல்லாக் காயிதத்துலயும் முருகன் துணைன்னு போடுவீங்க. இதுல மட்டும் அவனைக் காணமே?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும்.

“அந்தக் கடுதாசிய எடுத்துட்டுப் போ அம்மிணி” என்றார். “அரைகுறையா இருந்தாலும் நான் எழுதுனதுங்கறதுக்கு அதுவே சாட்சி.”

“அது உங்களுக்குச் சாட்சிங்க. எனக்கில்ல. போவாத கடுதாசிய வச்சுட்டு நான் என்ன பண்ண? போனது இதுதானுங்க. இந்தக் காயிதத்தை வச்சுத்தான் அவரைப் பயிற்சி பெத்தவருன்னு எழுதியிருக்கறாங்க. ரெண்டையும் பிரிண்ட் போடுங்க.”

அச்சுப்பொறி தாளை உள்ளிழுத்து மெல்ல வெளியே தள்ளியது. சான்றின் பின்புறத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சென்னியப்பன் பேனாவைத் திறந்தார். கை தன் பழக்கத்தால் தாளின் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. அந்த இரு சொற்களை எழுத அவருக்குத் துணிவு வரவில்லை. கையைக் கீழே இறக்கி எழுதினார்: ‘முன்பக்கத்தில் கண்ட பயிற்சி நடைபெறவில்லை. முருகேஷ் அன்று ஊரில் இல்லை. இதை அறிந்தே எழுதினேன்.’ ஒப்பமிட்டு நாளும் இட்டார்.

சித்ராதேவி வாங்கிப் படித்தாள். நன்றி சொல்லவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைங்க. நீங்களும் வரோணும்” என்றாள்.

கைபேசி மீண்டும் ஒலித்தது. திரையில் மகுடேஸ்வரன் பெயர். ஆறு முறை ஒலிக்க விட்டு எடுத்தார்.

“என்னங்ணா, கெடைக்கிலீல்ல?”

“கெடச்சுதுங்க.”

“கடுதாசிங்களா?”

“இல்லீங்க” என்றார் சென்னியப்பன். “பயிற்சிச் சான்று.”